மலை வீடுகளில் சமையல் மேடையைக் காலியாக வைத்திருத்தல்: சில அனுபவங்கள்

கோத்தகிரி உறுப்பினர்:

சமையல் மேடையில் பொருள்கள் குவிவதற்குச் சோம்பலே காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். நீலகிரியில் பல வீட்டு அடுப்படிகளைப் பார்த்த பிறகு, இங்கே முதற்காரணம் ஈரம் என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். உப்பு ஜாடி, தீப்பெட்டி, அப்பளக் கட்டு, வெல்லம், தேயிலைத்தூள், பேக்கரியில் வாங்கிய வறுக்கி என எவையெல்லாம் நமுத்துவிடும் என்று அஞ்சுகிறோமோ, அவற்றையெல்லாம் சூட்டில் காய்ந்திருக்கட்டும் என்று அடுப்புக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைக்கிறோம். எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை ஓய்வதற்குள் காய் நறுக்க ஒரு சாண் இடம்கூட மேடையில் மிஞ்சுவதில்லை.

அருகிலுள்ள தேயிலைத் தோட்டத்து லயன் வீடொன்றுக்கு ஐப்பசி மழையில் சென்றிருந்தேன். கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாவின் வீடு அது. இரண்டு பேர் நின்றால் தோள் இடிக்கும் அளவுக்குச் சிறிய அடுப்படி. ஆனால் கடப்பா கல் மேடையில் அடுப்பும் ஒரு கரித்துணியும் தவிர வேறு எதுவும் இல்லை. உப்பு எங்கே என்று கேட்டதற்கு, “கேஸ் பக்கத்துல வச்சா உப்பு அழும், கண்ணு” என்று சொல்லிவிட்டு, உள் அறை அலமாரியிலிருந்து இறுக மூடிய எவர்சில்வர் சம்படத்தை எடுத்துக் காட்டினார். விறகடுப்பு எரிந்த காலத்தில் அடுப்புக்கு மேலே பரண் இருந்ததாகவும், நாள் முழுவதும் புகையும் வெப்பமும் மேலேறியதால் அங்கே வைத்தவை காய்ந்தே இருந்ததாகவும் சொன்னார். கேஸ் வந்ததும் பரணைப் பிரித்துவிட்டார்கள். அதில் இருந்தவை எல்லா வீடுகளிலும் மேடைக்கு இறங்கிவிட்டன என்பது அவருடைய கணிப்பு. அதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

அவர் அனுபவத்தில் அறிந்ததற்கு அறிவியல் விளக்கமும் உண்டு. சமையல் எரிவாயு ஒரு கிலோ எரியும்போது ஏறக்குறைய ஒன்றரை கிலோ நீராவி உண்டாகிறது. அந்தக் கணக்கில் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள் 20 லிட்டருக்கும் மேற்பட்ட நீர் அடுப்படிக் காற்றில் கலக்கிறது. குளிருக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்துவிடும் நம் வீடுகளில் இந்த ஆவியும் கொதிக்கும் குழம்பின் ஆவியும் சேர்ந்து, குளிர்ந்த சுவரிலும் ஜாடிகளிலும் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டினாலே உப்பு நீரை இழுத்துக் கசியத் தொடங்கிவிடும். காய்ந்த இடம் என்று நம்பி நாம் ஜாடிகளை அடுக்கும் அடுப்போரத்தில், சமைக்கும் நேரமெல்லாம் ஈரம் நிறைந்திருக்கிறது.

ஆகவே எங்கள் வீட்டில் இரண்டு மூன்று நாள் தேவைக்கு மட்டும் சிறு டப்பாக்களில் எடுத்து அடுப்படித் தட்டில் வைக்கிறோம். மற்றவை இறுகிய மூடியுள்ள சம்படங்களில் உள் அறை அலமாரிக்குப் போய்விடும். துணி அலமாரியில் பூஞ்சை பிடிக்காமலிருக்க இங்கே பலர் செய்வதுபோல, அந்த அலமாரியிலும் ஒரு சிறிய குண்டு பல்பைப் பொருள்களிலிருந்து தள்ளிப் பொருத்தியிருக்கிறோம். சமைக்கும்போது எவ்வளவு குளிராக இருந்தாலும் ஒரு சன்னலைத் திறந்து வைக்கிறோம். மேடையைத் துடைத்து வைக்க இப்போது தனி முயற்சி தேவைப்படுவதில்லை.

உதகை உறுப்பினர்:

மேலே எழுதிய சகோதரியின் கருத்தோடு குக்கரையும் சேர்த்துப் பேச வேண்டும். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகக் காத்திருக்க முடியாது என்பதால், வேளைக்கு வேளை பயன்படும் குக்கரை உள்ளே தூக்கி வைக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்கு மேடையில் உரிய இடத்தைக் கொடுத்துவிடலாம். இடத்தை உண்மையில் அடைப்பவை கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள். ஜூன் மாதத்திலிருந்து மூடுபனி சூழ்ந்துவிட்டால், காலையில் கவிழ்த்தவை இரவு வரை ஈரமாகவே கிடக்கின்றன. அவை தாமாகக் காயும் என்று காத்திராமல், கழுவிய கையோடு துடைத்து அடுக்கிவிட வேண்டும்.

கொடைக்கானல் உறுப்பினர்:

எங்கள் பழனி மலைப் பகுதியில் மேடையை அடைப்பவை பூண்டும் கிழங்கும்தான். பூம்பாறையில் பூண்டு பயிரிடும் ஒரு குடும்பத்தைச் சந்தித்தபோது, தாளோடு கட்டிய பூண்டுக் கொத்துகளைப் புகை படும்படி உயரத்தில் தொங்கவிட்டிருந்ததைக் கண்டேன். கெடாமல் இருப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதே பூண்டைக் காசு கொடுத்து வாங்கிவரும் நாங்கள், கூடையோடு மேடை மூலையில் வைத்து முளைக்க விட்டுக்கொண்டிருந்தோம். நகரத்து வீட்டில் புகைக்கு வழியில்லை என்றாலும் தொங்கவிடுவதற்குத் தடையில்லை. காற்றோட்டமான தாழ்வாரத்தில் கொக்கி அடித்துப் பூண்டைத் தொங்கவிட்டதும் ஒரு கூடை மேடையிலிருந்து நீங்கியது.

உருளைக்கிழங்குக்கு இருட்டும் குளிர்ச்சியும் வேண்டும். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகிக் கசப்பும் நச்சுத்தன்மையும் ஏறும். சாக்குப்பையில் இட்டுப் படிக்கட்டின் அடியில் வைத்திருக்கிறோம். கோத்தகிரிச் சகோதரியின் பல்பு யோசனையைப் பின்பற்ற நினைப்பவர்கள் அந்த அலமாரியில் கிழங்கை மட்டும் வைத்துவிட வேண்டாம். வெப்பத்தில் விரைவில் முளைத்துவிடும்.