நாங்குநேரி வெயிலில் கம்பளி: எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள்

நாங்குநேரிப் பக்கம் இருந்துகொண்டு கம்பளி நூற்கிறேன் என்றால், "இந்த வெயிலுக்கா?" என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி, "நம்ம ஆட்டு மயிரிலா?" நம்ம ஆட்டில் முடியாது. கீழக்கரிசலுக்கும் வேம்பூர் ஆட்டுக்கும் உடம்பை ஒட்டிய குட்டை மயிர்தான். இரண்டும் கறிக்காக வளர்க்கிற இனங்கள். எனக்கு ரோமம் ஊட்டியிலிருந்து, மதினி வரும்போது சாக்கில் வருகிறது. நீலகிரி ஆட்டு ரோமம். 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் நாட்டு ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்களைக் கலந்து உருவான ஆடு அது. சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அந்த இனத்தைக் காத்து வளர்க்கிறார்கள்.

ரோமம்தான் மலையிலிருந்து வருகிறது. அதைக் கையாளச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாரும் இந்த ஊர்க்காரர்கள். அவர்களில் ஒருவர்கூட கம்பளி நூற்றவர் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

பிசான நெல் அறுப்பு முடிந்து பக்கத்து வயலில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். தண்ணீர் குடிக்க வந்த கிடைக்கார அண்ணாச்சி, திண்ணையில் பிரித்துப் போட்டிருந்த ரோமத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். ஒரு கொத்தை எடுத்து இரண்டு முனையையும் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். நடுவில் அறுந்தது. இன்னொரு கொத்தும் அதே இடத்தில் அறுந்தது. "இந்த ஆடு நடுவுல சீக்கா கிடந்திருக்கு தாயி. இல்லன்னா மேய்ச்சலுக்கு வழியில்லாம கிடந்திருக்கும். மயிரு மறைக்காது" என்றார். நோயிலோ பட்டினியிலோ ஆடு இருந்த நாட்களில் ரோமம் மெலிந்து வளரும். வெட்டிய பிறகும் அந்த இடம் மட்டும் இற்றே இருக்கும். அதை நூற்றால் துணுக்குத் துணுக்காக அறுந்து, நூல் முழுக்கத் திப்பி திப்பியாக நிற்கும். இப்போது எந்தச் சாக்கு வந்தாலும் முதலில் இழுத்துப் பார்க்கிறேன். அறுகிற ரோமம் தலையணைக்குள் போய்விடும்.

அவர் தோளில் கிடந்த கறுப்புக் கம்பளியைப் பற்றியும் கேட்டேன். மழையில் நனைந்தாலும் அதற்குள் உடம்பு சூடாகவே இருக்கும் என்றார். உண்மைதான். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது.

அலசுவதற்கு எங்கள் போர் தண்ணீர் உதவாது. உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்காமல் திரிந்து ரோமத்திலேயே ஒட்டும். ஓட்டிலிருந்து பிடித்து வைத்த மழைத் தண்ணீரைக் கை பொறுக்கும் சூட்டில் வைத்து, பூந்திக்கொட்டைக் கரைசலில் ஊறப்போட்டு அப்படியே எடுக்க வேண்டும். கசக்கினாலோ, சூட்டிலிருந்து சட்டென்று பச்சைத் தண்ணீருக்கு மாற்றினாலோ திரண்டு கெட்டியாகிவிடும்.

அப்புறம் தக்கிளித் தாத்தா. தக்கிளி என்றால் கையால் சுழற்றி நூல் நூற்கிற சின்னக் கதிர். பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் வகுப்பில் பஞ்சு நூற்ற தலைமுறை. என் தக்கிளியை வாங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பஞ்சுக்கு வேகம் வேணும்மா. இதுக்குக் கனம் வேணும். அடியில ஒரு மரவட்டு மாட்டு" என்றார். கம்பளியைத் தொட்டே பார்க்காதவர் அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று யோசித்தேன். அவர் நூற்ற கருங்கண்ணிப் பஞ்சின் இழை ஒரு அங்குலம்கூட இருக்காது. முறுக்கு நிறைய ஏறினால்தான் நிற்கும். கம்பளி இழை அதைவிட நீளம், குறைந்த முறுக்கே போதும். நிதானமாகச் சுற்றுகிற கனமான தக்கிளி அதற்குச் சரி. பஞ்சை அறிந்த விரல் கம்பளியை எடுத்த எடுப்பிலேயே புரிந்துகொண்டது.

வெயில் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அலசாத ரோமத்தில் ஒரு மெழுகு உண்டு. 40 டிகிரி வாக்கில் இளகிவிடும். குளிர்ந்த இடங்களில் அது கெட்டியாகி விரலைப் பிடிக்கும். இங்கே சித்திரை வெயிலில் இழை வெண்ணெய் போல வழுகி இறங்குகிறது. கத்திரி வெயிலை நான் எதிர்பார்த்துக் காத்திருக்கிறேன். ஆடிக்காற்றுதான் ஆகாது, நூற்பதற்குள் ரோமத்தைப் பறக்கவிட்டுவிடும்.

பின்னலுக்கு இடையன்குடிப் பெரியம்மை. கால்டுவெல் 1841-இல் அந்த ஊருக்கு வந்தார். அவர் மனைவி எலைசா அங்கே பெண்களுக்கு ரேந்தை, அதாவது லேஸ், பின்னக் கற்றுக்கொடுத்தார். பெரியம்மையின் கை அந்த வழியில் வந்தது. கம்பளி ஊசியை அவர் பிடித்ததே இல்லை. என் பின்னலை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து, "ஏட்டி, கண்ணிய இறுக்காத. நூலு விரல்ல தானா ஓடணும். மூச்சு விட இடம் வேணும்லா" என்றார். ரேந்தைக்கு அழகு எதுவோ, கம்பளிக்குச் சூடு அதுவே. கண்ணிக்குள் நிற்கிற காற்றுதான் குளிரைத் தடுக்கிறது.

இதெல்லாம் தோட்ட வேலைக்கு நடுவே நடப்பதுதான். ஆடு மேயும்போது தக்கிளி, இருட்டின பிறகு ஊசி. பால் கறக்கிற நேரத்தில் எதுவும் கிடையாது.

2023 டிசம்பர் 17, 18 மழை நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த ராத்திரி எங்கள் கன்னி இன வெள்ளாடு மூன்று குட்டி போட்டது. மூன்றாவது நடுங்கிக்கொண்டு கிடந்தது. கரண்ட் இல்லை, விறகு எல்லாம் ஈரம். பாதி பின்னியிருந்த ஸ்வெட்டர் கையை வெட்டி, கால் நுழைய ஓட்டை விட்டுக் குட்டிக்குப் போட்டேன். போடும் முன் தாயின் பனிக்குட ஈரத்தை அதில் தடவினேன். வாசனை மாறினால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும். கிடாக்குட்டி என்பதால் வயிற்றுப் பக்கம் மூத்திரம் போக வழி விட்டேன். விடியும்போது தாய் மடியில் முட்டிக்கொண்டிருந்தது. நான் பின்னியதிலேயே எனக்குப் பிடித்த உடுப்பு அதுதான்.

*

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அக்கா, நான் மாஞ்சோலை எஸ்டேட்டில் வளர்ந்தவன். நாலுமுக்கு, ஊத்துப் பக்கம் மழை பிடித்தால் நாள் கணக்கில் விடாது. அம்மா கடையில் வாங்கிய உல்லன் நூலில் எங்களுக்கு ஸ்வெட்டர் பின்னுவார். அடுப்பு ஓரம் தம்பி உட்கார்ந்திருந்தபோது பொறி பட்டு அவன் கை ஸ்வெட்டர் உருகித் தோலில் ஒட்டிவிட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. கம்பளியும் இப்படி உருகுமா?

*

முதலில் எழுதியவர்:

உருகாது தம்பி. உங்கள் அம்மா வாங்கியது அக்ரிலிக்காகத்தான் இருக்கும். கடையில் உல்லன் என்று விற்பது பெரும்பாலும் அதுதான். வாங்கும் முன் ஒரு விரல்கடை நூலை இடுக்கியில் பிடித்துப் பற்றவைத்துப் பாருங்கள். கம்பளி தலைமுடி கருகுகிற நாற்றத்தோடு மெல்லப் புகைந்து, தீயை எடுத்ததும் தானே அணைந்துவிடும்; சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறினதும் கறுப்பாகக் கெட்டி மணி நிற்கும். பிள்ளைகளுக்குப் பின்னுகிறவர்கள் இதைப் பார்க்காமல் தயவுசெய்து நூல் வாங்காதீர்கள். தம்பிக்கு என்ன அளவு என்று எழுதுங்கள், மதினி அடுத்து வரும்போது ரோமம் வருகிறது.