ஐந்து நட்சத்திர ரெய்டுக்கு டீம் எப்படி அமைப்பது? (போகிமான் கோ மொபைல் கேம், பெங்களூர் பிளேயர்கள் பேச்சு; பேசுறவங்க பேருக்குப் பதிலா அவங்க ஏரியா)

அல்சூர்
கப்பன் பார்க் ரெய்டுகள்ல, அதாவது பல பேர் சேர்ந்து ஒரு பெரிய போகிமானை (பாஸ்) நேரத்துக்குள்ள வீழ்த்துற சண்டைகள்ல, அடிக்கடி பார்க்குறது இது. நாலு பேர் லாபிக்குள்ள (சண்டைக்கு முன்னாடி காத்திருக்குற திரை) வருவாங்க. கேம் தானா எடுத்துக் குடுக்குற ஆறு போகிமானையும் அப்படியே இறக்குவாங்க. யாரோட டீமும் முழுசா சாகாது, ஆனா பாஸுக்கு இன்னும் உயிர் மிச்சம் இருக்கும்போதே நேரம் முடிஞ்சுடும். தானா வர்ற டீம்ல அக்ரான் மாதிரி தாக்குப்பிடிக்கிற ஆளுங்கதான் முன்னாடி நிப்பாங்க. ரெய்டுக்கு அது உதவாது. பாஸுக்கு ஹெச்பி (உயிர்) 15,000, நேரம் 300 வினாடி. மூணே பேர்னா ஆளுக்கு வினாடிக்குக் கிட்டத்தட்ட 17 டேமேஜ் விழணும். டீம் செத்து லாபிக்குப் போய்த் திரும்புற நேரம் இந்தக் கணக்குல சேரலை.

பாஸா ரேக்வேசாவை எடுத்துக்குங்க. அதோட டைப் டிராகன், ஃப்ளையிங்; ரெண்டும் ஐஸ் டைப் அடிக்கு பயப்படும். அதனால பலவீனத்துக்கான 1.6 மடங்கு ரெண்டு தடவை பெருகி 2.56 ஆகுது. மாமோஸ்வைன் ஆறையும் வரிசையா நிறுத்தலாம், ஒரே போகிமான் திரும்பத் திரும்ப வரக்கூடாதுன்னு விதி எதுவும் இல்லை. ஆனா மூவ் (அடிக்குற தாக்குதல்) பவுடர் ஸ்னோ, அவலாஞ்ச்னு ஐஸ் மூவாதான் இருக்கணும். மட் ஸ்லாப்பும் புல்டோஸும் வச்சிருக்குற மாமோஸ்வைனைக் கொண்டுவந்தா கிரவுண்ட் அடி பறக்குறதுமேல 0.39 மடங்குதான் விழும். சிபி (போகிமானோட பலத்தைக் காட்டுற எண்) 3,000க்கு மேல இருந்தும் பாஸ் அசையலைன்னா முதல்ல பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஜூன், ஜூலைல நம்ம ஊர்ல காத்து வானிலை வந்தா டிராகன் அடி 1.2 மடங்கு ஆகுது, அதனால டிராகன் டீம் போடலாமான்னு கேக்குறாங்க. 1.6ஐ 1.2ஆல பெருக்கினா 1.92தான். ஐஸ் அப்பவும் மேல. அதோட ரேக்வேசாவோட டிராகன் மூவான அவுட்ரேஜும் அதே காத்துல பலமாகி டிராகனையே திருப்பி அடிக்கும். ஐஸ்க்கு வானிலை கைகொடுக்கணும்னா பனி பெய்யணும், பெங்களூர்ல அதுக்கு வாய்ப்பே இல்லை!

ஜெயநகர்
அண்ணா சொன்னதோட வாட்டர் டைப் பாஸ் கையோகரையும் சேர்த்துக்குங்க. சாயங்கால மழைல கையோகர் வந்தா எலக்ட்ரிக் டீம். மழை எலக்ட்ரிக்குக்கும் 1.2 குடுக்கும், புல் டைப்புக்குக் குடுக்காது. கையோகரோட வாட்டர் அடியும் மழைல பலமாகும்ங்கிறதை மறக்க வேண்டாம்.

பாஸ் எந்த சார்ஜ்டு மூவோட (சக்தி சேர்ந்ததும் விழுற பெரிய அடி) வந்திருக்குன்னு லாபில தெரியாது. முதல் தடவை அது விழும்போது திரையில பேர் வரும். பிளிசார்ட்னு ஐஸ் மூவ் வந்தா, எலக்ட்ரிக் டீம்ல இருக்குற செக்ரோம் டிராகன்ங்கிறதால நல்லா அடி வாங்கும், புல் டைப்பும் அப்படித்தான். அப்போ மேக்னசோனை முன்னாடி கொண்டுவாங்க, ஸ்டீல்ங்கிறதால ஐஸைத் தாங்கும். அதுக்கு ரெண்டு பார்ட்டியை (ஆறு பேர் டீம்) முன்கூட்டியே சேமிச்சு வைக்கணும். லாபில பக்கவாட்டுல தள்ளினா மாத்திக்கலாம். அந்த ரெய்டுக்கு ஒரு தடவை ரெய்டு பாஸ் (நுழைவுச் சீட்டு) குடுத்தாச்சுன்னா, தோத்தாலும் ரெய்டு முடியுறதுக்குள்ள அதுலயே திரும்ப ஏறலாம். ரெண்டாவது பார்ட்டி தயாரா இருந்தா, நடுவுல விழுந்ததை எழுப்புற ரிவைவ் தேடி நேரம் தொலைக்க வேண்டியதில்லை.

மாரத்தஹள்ளி
எல்லாரையும் லெவல் 40க்கு ஏத்தணுமா ப்ரோ? லெவல் ஏத்துற தூசியே (ஸ்டார்டஸ்ட்) இல்ல.

அல்சூர்
வேண்டாம். ரெய்டுல பிடிக்குறது லெவல் 20ல வரும், வானிலை சேர்ந்தா 25. 20ல இருந்து 30க்கு ஸ்டார்டஸ்ட் 75,000, பலம் 22 சதவீதம் போலக் கூடும். 30ல இருந்து 40க்கு 1,50,000 ஆகும், கிடைக்குறது வெறும் 8 சதவீதம். அந்த ஸ்டார்டஸ்ட்ல இன்னும் ரெண்டு மாமோஸ்வைனை 30க்கு ஏத்திடலாம். ஐவியைப் (ஒவ்வொரு போகிமானுக்கும் கூடவே வர்ற தர மதிப்பு) பார்த்து நூறு சதவீதத்துக்குக் காத்திருக்குறதும் ரெய்டுல வீண் வேலை.

ஜெயநகர்
ஷேடோ மாமோஸ்வைன் (வில்லன் டீம் ராக்கெட் கிட்டேருந்து மீட்டது) கிடைச்சா புனிதப்படுத்தி சாதாரணமா மாத்தாதீங்க தம்பி. அட்டாக் 20 சதவீதம் கூட, டிஃபென்ஸ் குறைவு. நமக்கு வேண்டியது அட்டாக்தான். ஒரே சிக்கல் அதோட வர்ற உதவாத மூவ் ஃப்ரஸ்ட்ரேஷன். சாதாரண நாள்ல சார்ஜ்டு டிஎம் (மூவை மாத்துற பொருள்) போட்டா அது போகாது, டீம் ராக்கெட் டேக்ஓவர் ஈவென்ட் நடக்குற நாள்லதான் எடுக்க முடியும். அன்னிக்கு டிஎம் கையில இருக்குற மாதிரி முன்னாடியே சேர்த்து வச்சுக்குங்க.

அல்சூர்
மெகா (கொஞ்ச நேரத்துக்குப் பலமான வடிவம் எடுக்குற போகிமான்) விஷயத்துல குழப்பம் நிறைய இருக்கு. மெகா களத்துல நிக்கிற வரைக்கும் மத்தவங்க அடி 10 சதவீதம் கூடும், அதே டைப் அடின்னா 30. ரெண்டு பேர் ஒரே டைப் மெகாவை இறக்கினா கூட்டு சேராது. அதனால லாபிலேயே பேசிக்கிட்டு ஒருத்தர் மட்டும் இறக்கினாப் போதும். ரேக்வேசாவுக்கு எதிரா மெகா அபோமாஸ்னோவை விட மெகா கிளேலி நல்லது. அபோமாஸ்னோ பாதி புல், ரேக்வேசாவோட ஃப்ளையிங் மூவான ஏர் ஸ்லாஷ்ல சீக்கிரம் விழுந்துடும். மெகா விழுந்ததும் அந்தக் கூடுதலும் போயிடும்.