வெள்ளத்தோடு போன கணிதப் பாடங்களை எங்கிருந்து தொடங்குவது?

முல்லை ரீச்சர்:
முல்லைத்தீவில் ஒட்டுசுட்டான் பக்கம் கணிதம் படிப்பிக்கிறேன். டித்வா புயலோடு 2025 நவம்பர் கடைசியில் குழம்பிய வகுப்புகள் இன்னும் சீராகவில்லை. அப்போது 10ஆம் தரத்தில் இருந்த பிள்ளைகள் இப்போது 11. கடைசி அலகுகள் அரைகுறை. சிலருடைய கொப்பி, புத்தகம் எல்லாம் வெள்ளத்தோடு போய்விட்டன. வாட்ஸ்அப்பில் குறிப்பு அனுப்பினால் வயல்கரை வீடுகளுக்குக் கவரேஜ் இல்லை. போன் இருந்தாலும் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். பாடத்திட்டத்தை முடி என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

மல்லாவி சேர்:
தங்கச்சி, விட்ட அலகிலிருந்து தொடங்க வேண்டாம். முதல் கிழமை சின்னச் சின்னக் கணக்குகள் கொடுத்துப் பாருங்கள், புள்ளி போடாமல். நீங்கள் நடத்தாதது மட்டுமல்ல, நடத்தியதும் மறந்திருக்கும். காரணி பிரிக்கத் தெரியாத பிள்ளைக்கு இருபடிச் சமன்பாடு நடத்தி என்ன பலன்?

1996இல் சண்டையால் கிளிநொச்சி இடம்பெயர்ந்து அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று சனம் வந்தபோது, காலையில் உள்ளூர்ப் பள்ளிக்கூடம், பின்னேரம் அதே கட்டடத்தில் இடம்பெயர்ந்த பிள்ளைகளோடு நாங்கள். பாடவேளை சுருங்கியது. இடம் போதாமல் பாலை மரத்தில் கரும்பலகையைச் சாய்த்து வைத்தும் நடத்தினோம். (பின்னேர வெயிலில் தறப்பாளுக்குள் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் மரத்தடியின் அருமை தெரியும்.) அதிபரோடு இருந்து அலகுகளைப் பிரித்தோம். அடுத்த பாடத்தைத் தாங்கும் அலகு வகுப்பில். புள்ளிவிபரம் போலத் தனியே நிற்பது செயலட்டையில், வீட்டுக்கு. பொருளாதாரத் தடைக் காலம், பேப்பர் இல்லை. ஒரே அட்டை பல வீடு சுற்றும், விடை கொப்பியில்தான் எழுத வேண்டும். கவரேஜ் இல்லாத வீட்டுக்கு இப்போதும் அதுதான் வழி.

தர்மபுரம் அம்மா:
11ஆம் தர முடிவில் எழுதும் ஓ.எல். (சாதாரண தரம்) பேப்பரில் எல்லா அலகும் வருமே சேர்? கொரோனாவில் 2020 ஓ.எல். பரீட்சையை 2021 மார்ச்சுக்குத் தள்ளினார்கள். தள்ளியும் என்ன, ரீவியில் நடந்த பாடம் என் மகனுக்கு ஏறவில்லை. விளங்காததைக் கேட்க ஆள் இல்லை.

மல்லாவி சேர்:
வரும்தான் அம்மா. சில அலகுகளை ஒன்றிரண்டு உதாரணக் கணக்கோடு கடக்கத்தான் வேண்டும். எல்லாருக்கும் எல்லாம் என்று ஓடினால், சி சித்தி எடுக்கக்கூடிய பிள்ளையும் விழுந்துவிடும்.

முல்லை ரீச்சர்:
சரி சேர், காரணியில் தொடங்குகிறேன். செயலட்டைகளை யார் திருத்துவது? எனக்கு மூன்று வகுப்பு.

மல்லாவி சேர்:
பிள்ளைகளே மாற்றித் திருத்தட்டும். சரியான விடைகளை எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பலருக்கும் பிழைத்த கணக்கை மட்டும் நீங்கள் பலகையில் செய்து காட்டினால் போதும்.