ஹார்ட்டெயில் சைக்கிள் ஃபிரேமில் விரிசல்: 600 வெள்ளிக்குள் மாற்று ஃபிரேம் வாங்க எதைப் பார்க்க வேண்டும்?

செம்மண்சாலை (லாபிஸ்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவதற்கு முன் கிளம்பி, ஜொகூரின் லாபிஸ் பட்டணத்தை ஒட்டிய செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலைகளில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுவது என் ஆறாண்டுப் பழக்கம். சென்ற மாதம் முதல், ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் இருக்கைக்குக் கீழே கிறீச்சென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. இருக்கையைத் தாங்கும் சீட் போஸ்ட்டைக் கழற்றித் துடைத்து கிரீஸ் தடவிப் பார்த்தேன், பெடல்களை இறுக்கினேன், சத்தம் நிற்கவில்லை. மழையில் ஓட்டிவிட்டு வந்து வண்டியைக் கழுவிய அன்றுதான் காரணம் தெரிந்தது. வெள்ளைச் சாயத்தின் மேலிருந்த சேறெல்லாம் போன பிறகும், மேல்குழாய் வந்து சேரும் பற்றவைப்பை ஒட்டி, இருக்கைக் குழாயின் பக்கவாட்டில், தலைமுடி அளவில் ஒரு சிவப்புக் கோடு மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. நகத்தால் வருடினால் நகம் அதில் மாட்டுகிறது.

முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் வண்டி. ஃபிரேம் அலுமினியம், 16 அங்குலம், மச்சானிடமிருந்து பழையதாக வாங்கியது. என் உயரம் 180 சென்டிமீட்டர். மற்ற உதிரிப்பாகங்கள் எல்லாம் நல்ல நிலையில் இருப்பதால்தான் வண்டியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. 27.5 அங்குலச் சக்கரங்களுக்குப் போன ஆண்டுதான் புதிய ஸ்போக் போட்டேன். ஷிமானோ டியோர் 10 வேகக் கியர், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், 100 மில்லிமீட்டர் இறங்கும் சன்டூர் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) ஆகியவை இருக்கின்றன.

பட்டணத்துச் சைக்கிள் கடைத் தவுக்கே (முதலாளி), ஃபிரேமை மட்டும் யாரும் வரவழைப்பதில்லை, புது வண்டியே வாங்கிக்கொள் என்கிறார். என் கையில் இருப்பது 600 வெள்ளி (ரிங்கிட்). விரிசலைப் பற்றவைத்து ஓட்டலாமா? மாற்றுவதென்றால் அலுமினியமா, இரும்பா? இப்போது எல்லாரும் 29 அங்குலத்துக்குப் போகிறார்களே, அந்த ஃபிரேமில் என் சக்கரங்களை மாட்டலாமா? அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

நூல்பிடித்தவன் (குளுவாங்) எழுதியது:

நண்பரே, எந்த ஃபிரேம் வாங்குவது என்று கேட்பதற்கு முன், இந்த ஃபிரேம் ஏன் உடைந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 180 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 16 அங்குல ஃபிரேமில் கால் நீட்டி மிதிக்க வேண்டுமானால் சீட் போஸ்ட்டை மிக உயரமாக இழுத்துத்தான் வைத்திருப்பீர்கள். சீட் போஸ்ட்டில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு போஸ்ட் முறியாமலிருப்பதற்கான கோடு. ஃபிரேம் தாங்குமா என்பதை அது சொல்லாது. சில ஃபிரேம்களில் இருக்கைக் குழாய், மேல்குழாய்க்கு மேலே நாலைந்து விரல் அகலம் நீட்டிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டதில் எல்லைக்கோடு மறைந்திருந்தாலும் போஸ்ட்டின் அடிமுனை மேல்குழாயின் பற்றவைப்பைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்காது. அப்போது உங்கள் எடை முழுவதும் நெம்புகோல் போல அந்தப் பற்றவைப்பின் மேல் விழுகிறது. போஸ்ட் எத்தனை மில்லிமீட்டர் உள்ளே இருந்தது என்று அளந்து சொல்லுங்கள். பற்றவைப்பின் கீழ்விளிம்பைத் தாண்டியும், எப்படியானாலும் 100 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் உள்ளே இருக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. இதே அளவில் இன்னொரு ஃபிரேம் வாங்கினால் இதே இடத்தில்தான் அதுவும் விரியும். உங்களுக்கு 19 அங்குலம் வேண்டும்.

அடுத்து, மலிவான ஃபிரேம் என்பது விலை குறைந்த ஃபிரேம் அன்று. உங்களிடம் இருக்கும் பாகங்களை அப்படியே ஏற்றுக்கொள்ளும் ஃபிரேம். 200 வெள்ளிக்கு வாங்கிவிட்டு, ஹப் (சக்கரத்தின் நடுப்பாகம்) பொருந்தவில்லை, ஃபோர்க் பொருந்தவில்லை என்று அலைந்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே கடைக்குப் போகும் முன் ஒரு வெர்னியர் அளவியை இரவல் வாங்கி உட்காருங்கள்.

பின்சக்கர ஹப்பின் அகலத்தை முதலில் பாருங்கள். பழைய வண்டிகளில் பெரும்பாலும் 135 மில்லிமீட்டர், நெம்பிக் கழற்றும் குவிக் ரிலீஸ் வகை. புதிய ஃபிரேம்கள் 142 அல்லது 148 மில்லிமீட்டர் அகலத்தில், துளைக்குள் நுழைத்துத் திருகும் 12 மில்லிமீட்டர் ஆக்ஸிலோடு (அச்சோடு) வருகின்றன. 142 என்றால் சில ஹப்புகளுக்கு முனை மாற்றிப் பிழைக்கலாம். 148க்குப் புதுச் சக்கரமே கட்ட வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டம் பிராக்கெட் (பெடல் கிராங்க் சுழலும் அடிப்பகுதி) திருகு வகையாக, 68 அல்லது 73 மில்லிமீட்டராக இருந்தால் உங்கள் ஷிமானோ கிராங்க் அப்படியே ஏறும். 68 என்றால் வளையங்களைக் கூடுதலாகப் போட வேண்டும், அவ்வளவுதான். அழுத்திப் பொருத்தும் வகையைத் தவிர்த்துவிடுங்கள். நம் செம்மண் சேறு அதற்குள் புகுந்த பிறகு எழும் சத்தத்துக்கு மருந்து கிடையாது.

ஃபோர்க்கின் தண்டு மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக 28.6 மில்லிமீட்டரா, கீழே பெருத்து ஒன்றரை அங்குலமா என்பதையும் பாருங்கள். 44 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள நேரான தலைக்குழாய் (ஃபோர்க்கின் தண்டு நுழையும் முன்குழாய்) கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். பொருத்தமான ஹெட்செட் (தண்டு திரும்புவதற்கான பேரிங்) போட்டால் இரண்டு வகை ஃபோர்க்கும் அதில் ஏறும். பலர் மறப்பது ஒன்று உண்டு. பெரிய ஃபிரேமில் தலைக்குழாயும் நீளமாக இருக்கும். உங்கள் ஃபோர்க்கின் தண்டு சிறிய ஃபிரேமுக்கென்று அறுக்கப்பட்டது. ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்முக்குக் கீழே எத்தனை மில்லிமீட்டர் வளையங்கள் இருக்கின்றனவோ, அவ்வளவுதான் உங்களுக்குக் கிடைக்கும் சலுகை.

29 அங்குலப் பேச்சை விட்டுவிடுங்கள். அந்த ஃபிரேமில் 27.5 சக்கரத்தை மாட்டினால் வண்டி ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் தாழ்ந்துவிடும். தோட்டத்துப் பாதையில் வெட்டிப்போட்ட மட்டைகளின் மேல் பெடல் இடிப்பதற்கு அது போதும்.

பட்டறைக்காரர் (கஹாங்) எழுதியது:

தம்பி, நான் செம்பனை ஆலைப் பட்டறையில் இருபத்தொரு ஆண்டுகளாகப் பற்றவைக்கிறவன். விரிசல் விட்ட அலுமினிய ஃபிரேமை மாதம் ஒருவராவது தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, சும்மா ஒரு பொட்டு வைத்துக் கொடுங்கள்" என்கிறார்கள். வைப்பது எனக்கு ஐந்து நிமிட வேலை. ஆனாலும் வைப்பதில்லை. 6061 வகை அலுமினியத்தின் பலம் சூடேற்றிப் பதப்படுத்துவதால் வருவது. தொழிற்சாலையில் பற்றவைத்த பிறகு ஃபிரேமை முழுமையாக 530 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து, மறுபடியும் 160, 170 பாகையில் பல மணி நேரம் வைத்து எடுப்பார்கள். நான் பட்டறையில் பற்றவைத்தால் அந்தத் தையலைச் சுற்றியுள்ள இடம் மெத்தென்று ஆகிவிடும். அதை மீட்டெடுக்கும் அடுப்பு என்னிடம் இல்லை. விரிசல் அடைபட்டதுபோல் தெரியும்; பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பும். தள்ளுவண்டி உடைந்தால் செம்பனைக் குலை கொட்டும், திரும்பப் பற்றவைப்போம். ஃபிரேம் உடைந்தால் இறக்கத்தில் விழுவது நீங்கள்.

இரும்பு அப்படியன்று. குரோம்மோலி எனப்படும் 4130 வகை இரும்புக் குழாயை எங்களைப் போன்றவர்களும் ஒழுங்காகச் செப்பனிட முடியும். எனக்குத் தனிப்பட்ட முறையில் இரும்பு ஃபிரேம்தான் பிடிக்கும். ஆனால் அதற்கும் ஒரு எதிரி இருக்கிறது. 2023 மார்ச்சில் செகாமட் வட்டாரத்தில் பெருவெள்ளம் வந்தபோது என் தங்கை வீட்டில் நிறுத்தியிருந்த என் இரும்பு வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. வெளியே கழுவித் துடைத்து, பளபளவென்று வைத்துக்கொண்டேன். நாலு மாதம் கழித்து சீட் போஸ்ட்டை உருவித் தலைகீழாகக் கவிழ்த்தால், ஆறிப்போன தேநீர் நிறத்தில் அரைக் குவளைத் தண்ணீர் கொட்டியது. பின்னாலேயே துருச் செதில்கள். இரும்பு வாங்கினால் ஒவ்வொரு மழைக் காலத்துக்கும் பிறகு கவிழ்த்து வடித்து, குழாய்க்குள் எண்ணெய் தெளித்து வையுங்கள். அந்தப் பொறுமை இல்லையென்றால் அலுமினியமே வாங்குங்கள். உங்கள் தொகைக்கு, பழைய சந்தையில் அதுதான் அதிகம் கிடைக்கும்.

காலைப்பனி (பத்து அனாம்) எழுதியது:

மேலே சொன்னவை எல்லாம் சரிதான், ஆனால் நான் வேறு வழியைச் சொல்கிறேன். ஃபிரேமை மட்டும் தேடாதீர்கள். பழைய முழு வண்டியைத் தேடுங்கள். பழைய பொருள்கள் விற்கும் மூடா (Mudah) தளத்திலும் ஃபேஸ்புக் சந்தையிலும், தொற்றுக் காலத்தில் ஆசையாக வாங்கி வராந்தாவில் துணி காயப்போடும் கொடியாகிவிட்ட ஹார்ட்டெயில் வண்டிகள் ஏராளமாக விற்பனைக்கு வருகின்றன. 19 அங்குலத்தில் 500, 550 வெள்ளிக்கு ஒன்றை வாங்கி, நல்ல பாகங்களை இடம் மாற்றிக்கொண்டு, மிஞ்சியதை விற்றுவிடலாம். ஷாப்பி இணையக் கடையில் வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து பெயரில்லாத கார்பன் ஃபிரேமை வரவழைக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். உடைந்தால் கேட்க ஆளில்லை. அதோடு, 2024 ஜனவரி 1 முதல் இணையத்தில் வாங்கி வரவழைக்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரியும் உண்டு.

நூல்பிடித்தவன் (குளுவாங்) எழுதியது:

காலைப்பனி சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் மிஞ்சிய பாகங்களை விற்பது நினைப்பது போல எளிதன்று. என் வீட்டு அலமாரியில் இன்னும் மூன்று ஹேண்டில்பார் தூங்குகின்றன.

பழையது எதை வாங்கினாலும் மூன்று வேலைகளைச் செய்யுங்கள். சீட் போஸ்ட்டைக் கழற்றச் சொல்லிக் கைப்பேசி விளக்கால் குழாய்க்குள் பாருங்கள். கழற்ற வரவில்லை என்று விற்பவர் சொன்னால் அங்கேயே விடைபெறுங்கள். பற்றவைப்புகளின் மேல் ஒட்டுப்படமோ புதுச் சாயமோ இருந்தால் சந்தேகப்படுங்கள். பிறகு ஒரு நூலை எடுத்து, பின்சக்கரம் மாட்டும் இடத்தின் இடப்பக்கத்தில் கட்டி, தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து வலப்பக்கத்தில் இழுத்துக் கட்டுங்கள். இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் இடையிலுள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு பரவாயில்லை. மூன்று, நான்கு என்றால் அந்த ஃபிரேம் எங்கோ அடிபட்டிருக்கிறது.

முடிந்தால் கம்பிகளும் பிரேக் குழாயும் வெளியே ஓடும் ஃபிரேமாகப் பாருங்கள். குழாய்க்குள் ஓடுவதென்றால் ஹைட்ராலிக் குழாயை அவிழ்த்து, நுழைத்து, மறுபடி எண்ணெய் நிரப்பிக் காற்றெடுக்க வேண்டும். அதற்கும் கடையில் கூலி கேட்பார்கள்.

செம்மண்சாலை (லாபிஸ்) எழுதியது:

மூவருக்கும் நன்றி. பட்டறைக்கார அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு பற்றவைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். அளவுகளை எடுத்துவிட்டேன். பின் ஹப் 135 மில்லிமீட்டர், பாட்டம் பிராக்கெட் திருகு வகை, 73 மில்லிமீட்டர். ஃபோர்க்கின் தண்டு நேரானது; ஸ்டெம்முக்குக் கீழே 20 மில்லிமீட்டர் வளையங்கள் இருக்கின்றன. சீட் போஸ்ட் 350 மில்லிமீட்டர் நீளம். உள்ளே இருந்தது வெறும் 80. மேல்குழாயின் பற்றவைப்பு முடிவதோ மேலிருந்து 105ஆவது மில்லிமீட்டரில். எல்லைக்கோடு தெரியாதவரை பாதுகாப்பு என்றுதான் ஆறு ஆண்டுகளாக நம்பியிருந்தேன்.

செம்மண்சாலை (லாபிஸ்) மீண்டும் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். யோங் பெங்கில் ஒருவர் வைத்திருந்த 19 அங்குல அலுமினிய ஃபிரேமை 280 வெள்ளிக்கு வாங்கிவிட்டேன். 27.5 சக்கரம், 135 மில்லிமீட்டர் ஹப், 44 மில்லிமீட்டர் தலைக்குழாய், வெளியே ஓடும் கம்பிகள். விற்பவர் வீட்டு வாசலில் நூலைக் கட்டி அளந்தபோது, தாலிக்கயிறு கட்டுவது போலக் கட்டுகிறீர்களே என்று அவருடைய அம்மா சிரித்தார். இரு பக்கமும் அரை மில்லிமீட்டர்தான் வேறுபாடு. தலைக்குழாய் பழையதைவிட 15 மில்லிமீட்டர் நீளம். ஆகவே 20 மில்லிமீட்டர் வளையங்களில் 5 மட்டும் மிஞ்சியது. வளையமே இல்லாமல் தண்டு அறுக்கப்பட்டிருந்தால் ஃபோர்க்கும் வாங்கியிருக்க வேண்டும்.

பழைய சீட் போஸ்ட் புது ஃபிரேமுக்குப் பொருந்தவில்லை; அது 30.9, இதற்கு 31.6 வேண்டும். 400 மில்லிமீட்டர் நீளத்தில் புதியது 45 வெள்ளி, ஹெட்செட் 65, கம்பிகள் 25, தவுக்கேயின் கூலி 60. மொத்தம் 475 வெள்ளி. போஸ்ட் இப்போது 140 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது. இரண்டு ஞாயிறு ஓட்டிவிட்டேன். ஏற்றத்தில் சங்கிலியின் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

பழைய ஃபிரேமை யாரும் சாயம் பூசி விற்றுவிடக் கூடாதென்று, பழைய சாமான்காரரிடம் போடும் முன் விரிசல் வழியாகவே ரம்பத்தால் அறுத்தேன். இருக்கைக் குழாயின் உட்சுவரில், சீட் போஸ்ட்டின் அடிமுனை அழுத்தி அழுத்திப் பதிந்த பளபளப்பான வட்டம் ஒன்று இருந்தது. விரிசல் அந்த வட்டத்தின் மேலேயே தொடங்கியிருந்தது.