1970 செவெல், 454, உள்ள ரோல் பார்: குடும்பத்துக்கும் டிராக் ரேஸ் ஸ்ட்ரிப்புக்கும் ஒரே கார் சரிவருமா?

பெட்ரோல்வாசம்:
வணக்கம் மக்களே, நான் மிச்சிகன்ல நோவி பக்கம் இருக்கேன். மசில் கார் ஒண்ணு வாங்கணும்னு ரொம்ப நாளா அரிப்பு, இப்ப ஆபீஸ்ல கூட வேலை பார்த்த பெரியவர் ஒருத்தர் ரிட்டயர் ஆகி ஃப்ளோரிடா போறார், அவரோட 1970 செவர்லே செவெலை எனக்கே தரேன்ங்கிறார். சிவப்பு, மேல கறுப்பு பட்டை. 454 க்யூபிக் இன்ச் பிக் பிளாக் இன்ஜினை 60 ஓவர் போர் பண்ணி (சிலிண்டரை 0.060 இன்ச் பெருசாக்கி) 468 ஆக்கியிருக்கார். பெரிய கேம் (வால்வைத் திறக்குற ஷாஃப்ட்), ஹோலி 850 கார்ப், ஹெடர்ஸ் (எக்ஸாஸ்ட் குழாய்), டர்போ 400 கியர்பாக்ஸ், 3500 ஆர்பிஎம் ஸ்டால் கன்வர்ட்டர் (இன்ஜின் அவ்வளவு ஏறினப்புறம்தான் நல்லா பிடிக்கும்), பின்னாடி 12 போல்ட் ஆக்ஸில்ல 4.10 கியர், 275/60 டிராக் ரேடியல் (டிராக் ரேஸுக்கான டயர்), உள்ள ரோல் பார் (கார் உருண்டா காப்பாத்துற இரும்புக் குழாய்). "600 ஹெச்பி, கால் மைலுக்கு 11 செகண்ட் கார்"னு சொல்றார். எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட் மாடல்) பேட்ஜ் இருக்கு, ஆனா ஒரிஜினல் எஸ்எஸ்தானான்னு கேட்டா சிரிக்கிறார் மனுஷன்.

என் பிளான் இதுதான்: ஆகஸ்ட்ல உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் (டெட்ராய்ட் பக்கம் நடக்குற பழைய கார் ஊர்வலம்), ஞாயித்துக்கிழமை பசங்களை பின் சீட்ல ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு, அப்பப்ப ஸ்ட்ரிப்ல டெஸ்ட் அண்ட் ட்யூன் நைட் (அவங்கவங்க காரைக் கால் மைல் ஓட்டிப் பார்க்கிற ராத்திரி). வருஷத்துக்கு ஒருதடவையாவது ஒஹாயோ நார்வாக் ஸ்ட்ரிப் வரைக்கும் ட்ரெய்லர் இல்லாம ஓட்டியே போய் ஓட்டியே வரணும். தாங்குமா? பார்க்கப் போகும்போது என்னத்த கவனிக்கணும்?

சும்மா_வந்தவன்:
468 பிக் பிளாக்கை வெச்சுக்கிட்டு கேள்வி வேறயா தல?? அட்வான்ஸ் குடுத்துட்டு வந்து பேசுங்க 😂 இப்படி கார்லதான் டிராக் வீக்குனு அஞ்சு நாளும் ஸ்ட்ரிப்ல ஓடி, நடுவுல ஆயிரம் மைலுக்கு மேல ரோட்லயே ஓட்டிட்டுப் போறாங்க, 2019-ல டாம் பெய்லி 69 கமாரோவுல 5.99 செகண்ட் அடிச்சாரு அதுல. நீங்க நார்வாக் போறதுக்கு பயப்படுறீங்க.

உட்வர்டுக்காரன்:
பெய்லி காரை எல்லாம் இதோட சேர்க்காதப்பா, அது வேற உலகம், அவர் பின் சீட்ல பசங்களை ஏத்திக்கிட்டு போகல.

தம்பி, முதல்ல அந்த 600-ஐ ஓரமா வை. பெரியவர்கிட்ட டைம் ஸ்லிப் (ஸ்ட்ரிப்ல குடுக்குற நேரச் சீட்டு) கேளு, ஸ்ட்ரிப்ல ஓட்டுறவன் எவனும் அந்தச் சீட்டைத் தூக்கிப் போடமாட்டான், கிளவ் பாக்ஸ்ல கத்தையா கிடக்கும். அதுல எத்தனை செகண்டுங்கிறதை விட கால் மைல் முடியுற இடத்துல என்ன ஸ்பீடுன்னு பாரு. செகண்டு, டயர் எப்படிப் பிடிச்சதுங்கறதைப் பொறுத்து ஏறி இறங்கும், இன்ஜின் உண்மையில என்ன தள்ளுதுங்கறதை ஸ்பீடுதான் காட்டிக் குடுக்கும். பழைய கணக்கு ஒண்ணு இருக்கு: ஸ்பீடை 234-ஆல வகுத்து க்யூப் பண்ணி, ஆளோட சேர்த்து காரோட எடையை பவுண்டுல பெருக்கிக்கோ, கிட்டத்தட்ட ஹெச்பி வந்துடும். 1970-ல ஷோரூம்ல வந்த எல்எஸ்6 454 இன்ஜினுக்கே 450 ஹெச்பின்னுதான் செவர்லே போட்டாங்க, அதுவும் இன்ஜினை மட்டும் தனியா பெஞ்ச்ல வெச்சு அளந்த க்ராஸ் கணக்கு, நெட் கணக்கு (கார்ல இருக்கிற மாதிரி எல்லா பாகமும் மாட்டி அளக்கறது) எல்லாம் 72-லதான் வந்துச்சு. அந்தக் கார் அன்னைக்கு பத்திரிகை டெஸ்ட்ல 13 செகண்ட் சொச்சம்.

அடுத்து நார்வாக் ட்ரிப். உன் டயர் 28 இன்ச் உயரம். டர்போ 400-க்கு ஓவர்டிரைவ் (ஹைவேல இன்ஜினை மெதுவா சுத்த வைக்குற மேல் கியர்) கிடையாது, 4.10 கியரோட 70 மைல் ஸ்பீடுல போனா கணக்குப்படியே 3,450 ஆர்பிஎம், ஸ்டால் கன்வர்ட்டர் வழுக்குறதையும் சேர்த்தா இன்னும் மேல. ஹெடர்ஸ் வேற காதுகிட்ட கத்தும், பெட்ரோல் முள்ளு இறங்குறது கண்ணுக்கே தெரியும். நிறைய பேர் டர்போ 400-ல இருந்தே வந்த 4எல்80ஈ கியர்பாக்ஸ் போட்டுக்கறாங்க, நாலாவது கியர் 0.75, அதே 70-ல 2,600 கிட்ட நிக்கும். ஆனா தனி எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் வேணும், ட்ரைவ்ஷாஃப்ட் நீளம் மாறும், செலவு சின்னது இல்ல. வெறும் 3.31 கியர் மாத்தினாப் போதும்னு யாராவது சொன்னா கேக்காத, அந்த கேமுக்கும் ஸ்டாலுக்கும் 4.10 சேர்ந்தாத்தான் வண்டி கிளம்பும், ஒண்ணை மட்டும் மாத்தினா சிக்னல்ல மந்தமா நிக்கும்.

டெஸ்ட் டிரைவ்ல பிரேக்கைப் பாரு. கேம் பெருசானா ஐடில்ல அந்த லொடலொட சத்தம் சொக்கவைக்கும், அதே கேம் வாக்குவத்தைச் சாப்பிட்டுடும், பவர் பிரேக் பூஸ்டருக்கு ஒண்ணும் மிஞ்சாது. டிரைவ்ல போட்டு நின்னுக்கிட்டே பெடலை மூணு நாலு தடவை மிதி, கல்லு மாதிரி ஆச்சுன்னா வாக்குவம் பம்ப்போ ஹைட்ரோபூஸ்ட்டோ (வாக்குவம் தேவைப்படாத பூஸ்டர்) செலவு இருக்குன்னு அர்த்தம். அப்புறம் 60 ஓவர்னா சிலிண்டர் சுவர் மெலிசு, ட்ரீம் க்ரூஸ் ட்ராஃபிக்ல ஆகஸ்ட் வெயில்ல ஊர்ந்து போகும்போது சூடு ஏறும், அரை மணி நேரம் ஐடில்லயே விட்டு டெம்பரேச்சர் முள்ளைப் பாரு. கம்ப்ரெஷன் எவ்வளவு, 93 ஆக்டேன் பம்ப் பெட்ரோல் போதுமான்னு கேட்டுக்கோ.

எஸ்எஸ் விஷயம்: 1970-ல விஐஎன் நம்பரை (சேசிஸ் நம்பர்) பார்த்து எஸ்எஸ்ஸுன்னு சொல்லவே முடியாது, சாதா செவெல் மாலிபு வி8-க்கும் அதுக்கும் ஒரே 136 தான். பில்ட் ஷீட் (ஃபேக்டரில போட்ட பாகங்களோட பட்டியல்) வேணும், பெட்ரோல் டேங்க் மேல ஒட்டிக்கிட்டு கிடைக்கும் சில சமயம். இல்லேன்னா க்ளோன் (எஸ்எஸ் மாதிரி மாத்தின சாதா கார்) விலைதான் குடுக்கணும். சிரிக்கிறார்னா க்ளோன்தான் 😀

கயூகா கிட்டு:
அண்ணை, நான் டொரோண்டோ பக்கம், என்னட்டை செவர்லே நோவா ஒண்டு நிக்குது, கயூகா ஸ்ட்ரிப்பில ஓடுறனான். எல்லாரும் இஞ்சினைப் பற்றித்தான் கதைக்கிறியள், பிள்ளையள் பின்னால இருக்கப் போகினம் எண்டு சொல்லுறார், ரோல் பாரைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. அந்தக் குழாய் முன் சீட்டுக்குப் பின்னால, பின் சீட்டுக்காரற்ற தலை போற இடத்திலதான் நிக்கும். ஸ்ட்ரிப்பில ஹெல்மெட் இருக்கு, ரோட்டில ஐஸ்கிரீம் குடிக்கப் போகேக்க ஹெல்மெட் போடுவியளோ? சின்ன இடி ஒண்டு பட்டாலே தலை இரும்பில அடிக்கும். 1970 காரில பின்னால இடுப்பு பெல்ட் மட்டும்தான். குழாயில மெத்தை மாதிரி பாட் சுத்தியிருக்கோ, போல்ட்டோ வெல்டிங்கோ எண்டு வடிவாப் பாருங்கோ.

மற்றது, அந்த டயரோட மழையில போகாதையுங்கோ. ரோட்டில ஆரோடையும் ஓடிப் பாக்கிற எண்ணம் இருந்தால் அதையும் விடுங்கோ, இங்க ஒன்ராறியோவில பிடிச்சால் அந்த இடத்திலயே 14 நாள் காரைத் தூக்கிக்கொண்டு போவாங்கள்.

பெட்ரோல்வாசம்:
நன்றி எல்லாருக்கும். ஸ்லிப் கேட்டேன், உடனே போட்டோ எடுத்து அனுப்பிட்டார். முதல் 60 அடி 1.64 செகண்ட், கால் மைல் 11.62, ஸ்பீடு 117 மைல். காரும் அவருமா 3,950 பவுண்டாம். கணக்குப் போட்டா 494 வருது! 600-ன்னதுக்கு "அது இன்ஜின்ல, ரோட்ல இல்ல"ங்கிறார். ரோல் பார் போல்ட் பண்ணினதுதான், வெல்டிங் இல்ல. அதைக் கழட்டிட்டா ஸ்ட்ரிப்ல உள்ள விடுவாங்களா?

உட்வர்டுக்காரன்:
494 நல்ல நம்பர்தான்டா, 60 அடி 1.64-ன்னா பின்னாடி சஸ்பென்ஷனை ஒழுங்கா செஞ்சிருக்கார், மனுஷன் வேலை தெரிஞ்சவர். பார் விஷயம்: என்எச்ஆர்ஏ (டிராக் ரேஸ் சங்கம்) ரூல்படி மூடின கார்ல 11.49-ம் அதுக்குக் கீழயும் ஓடினாத்தான் ரோல் பார் கட்டாயம், 9.99 இல்லேன்னா 135 மைல் தொட்டா முழு ரோல் கேஜ் (இரும்புக் கூண்டு). 13.99-க்குக் கீழ ஹெல்மெட் எப்படியும் வேணும். 11.62-க்கு பார் இல்லாம ஓடலாம். ஆனா அக்டோபர் மாதிரி குளிர்ந்த காத்துல அதே கார் தானாவே 11.4 போயிடும், அன்னைக்கு ஒரே ரன்னுல கூப்பிட்டு இன்னைக்கு போதும்னு அனுப்பிடுவாங்க. கால் மைல் முடியறதுக்கு முன்னாடியே பெடல்ல இருந்து காலை எடு, இல்லேன்னா இக்னிஷன் டைமிங்கை ரெண்டு டிகிரி பின்னால தள்ளு.

கயூகா கிட்டு:
கழட்டினால் தரையில போல்ட் ஓட்டையளை மூடுங்கோ, இல்லாட்டில் எக்ஸாஸ்ட் புகை உள்ளுக்கு வரும். ஓடுற நாளில திருப்பிப் பூட்டுறதும் பெரிய வேலை இல்லை, ஆனால் அண்டைக்குப் பின் சீட்டில ஒருத்தரையும் ஏத்தாதையுங்கோ.

பெட்ரோல்வாசம்:
சரி, பார் கராஜ்ல இருக்கட்டும். சனிக்கிழமை பிரேக்கும் டெம்பரேச்சரும் பார்க்கப் போறேன், பில்ட் ஷீட் இருக்கான்னு டேங்க் மேல கையை விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கேன். வீட்ல இன்னும் 4எல்80ஈ விலையைச் சொல்லல.

சும்மா_வந்தவன்:
சொல்லாதீங்க தல 😂