எழுந்தேற்றத்தில் நிற்பது தவறா?

கொள்ளிடக்கரை:
எங்கள் கோயிலில் பெஞ்சு போட்டதிலிருந்து ஒரே குழப்பம். முன்பு பாயில் உட்கார்ந்திருப்போம், குருவானவர் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்துக்கு மணி அடித்ததும் அப்படியே முழங்காலுக்கு வந்துவிடுவோம். இப்போது பாதிப்பேர் முழங்காலில், கொஞ்சம் பேர் நிற்கிறார்கள், மீதிப்பேர் பெஞ்சு நுனியில் உட்கார்ந்தபடியே முன்னால் சாய்ந்து முழங்கால் போட்ட மாதிரி ஒரு பாவனை. போன ஞாயிறு பூசை முடிந்ததும் நின்றவர்களைப் பார்த்து ஒரு பெரியவர் சத்தம் போட்டார். நிற்பது தவறா?

பூண்டியான்:
தவறுதான். அப்பமும் திராட்சை ரசமும் ஆண்டவரின் உடலும் இரத்தமுமாக மாறுகிற நேரத்தில் விறைத்து நிற்பதா? வேளாங்கண்ணியில் பழைய கோயில் மணல் பாதையில் வயதானவர்கள்கூட முழங்காலாலேயே போகிறார்கள். நமக்கு டைல்ஸ் தரையில் ஐந்து நிமிடம் முடியாதாம்!

கும்பகோணத்து மருமகள்:
அண்ணே, அது அவரவர் நேர்ச்சை. திருப்பலி, அதாவது பூசை, எல்லாரும் சேர்ந்து செய்வது, இரண்டையும் கலக்காதீர்கள். ரோமைத் திருப்பலி நூலின் பொது விதிகளில் 43-ஆம் எண்ணைப் படியுங்கள்: எழுந்தேற்றத்தில் முழங்கால்தான், ஆனால் உடல்நலமில்லை, இடமில்லை, கூட்டம் அதிகம், வேறு நியாயமான காரணம் இருக்கிறது என்றால் நிற்கலாம். அப்படி நிற்கிறவர், குருவானவர் முழங்கால் மடக்கி வணங்கும்போது நன்றாகக் குனிந்து வணங்க வேண்டும். இந்தக் குனிவதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. அப்புறம், 325-ல் ஆயர்கள் கூடிய நிசேயா பொதுச்சங்கமே ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாஸ்கா (உயிர்ப்புக்) காலத்திலும் நின்றுதான் ஜெபிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நிற்பது அவமரியாதை என்றால் அந்த ஆயர்கள் எல்லாம் யார்?

பூண்டியான்:
அதே திருச்சபைதானே பிறகு முழங்கால் என்று வைத்தது? மூட்டுவலிக்காரரை நான் கேட்கவே இல்லை. கல்யாணப் பூசையில் பட்டு வேட்டி கசங்கும் என்று கடைசியில் போய் நிற்கிற இளவட்டத்தைச் சொல்கிறேன், அது எந்த நியாயமான காரணத்தில் சேரும்?

வெண்ணாறு:
இருவருமே 1969-ஐ விட்டுவிட்டீர்கள். இந்திய ஆயர்கள் கேட்டு ரோம் அனுமதித்த 12 அம்சங்கள் இருக்கின்றன. தரையில் உட்காரலாம், செருப்பைக் கழற்றலாம், முழங்கால் மடக்குவதற்குப் பதிலாகக் கைகூப்பி ஆழமாகக் குனியலாம், சமாதானம் சொல்லவும் கைகூப்பலாம், எழுந்தேற்றம் இடம்பெறும் நற்கருணை மன்றாட்டின் முடிவில் தரையில் விழுந்து வணங்கும் பஞ்சாங்கப் பிரணாமம் செய்யலாம். அதாவது நீங்கள் பாயில் உட்கார்ந்தது ஏழ்மைக்காகச் செய்த சமாளிப்பு இல்லை, ரோமே ஏற்றுக்கொண்ட முறை. பெஞ்சைத் தூக்குங்கள், சண்டை தீரும்.

பூண்டியான்:
பஞ்சாங்கப் பிரணாமத்தில் முழங்காலும் நெற்றியும் தரையில் படும் தம்பி. அப்போது நீங்களும் என் கட்சிதான்.

கும்பகோணத்து மருமகள்:
பெஞ்சைத் தூக்கிவிட்டால் என் மாமியார் எங்கே உட்காருவார்? தரையில் உட்கார்ந்தால் அவரை எழுப்ப இரண்டு பேர் வேண்டும்.

கொள்ளிடக்கரை:
சரி, முன்பாதிக்குப் பாய், பின்னால் பெஞ்சு என்று பங்குப் பேரவையில் கேட்டுப் பார்க்கிறேன். நிற்பவர்கள் குனிய வேண்டும் என்பதைச் சாமியாரே அறிவிப்பில் சொன்னால் நல்லது. ஆனால் ஒவ்வொரு பெஞ்சின் முதுகிலும் உபயதாரர் பெயர் பெயிண்டில் இருக்கிறது. எந்தப் பெயரைப் பின்னால் தள்ளுவது?