கொழும்பு ஈரத்தில் கேம் டிஸ்க்குகள் தாங்குமா?

அலைவீடு:
வெள்ளவத்தையில், கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளிக் குடியிருக்கிறேன். பிளேஸ்டேஷன் 1, 2 (பிஎஸ்1, பிஎஸ்2), ட்ரீம்காஸ்ட் என்று பழைய கேம் கன்சோல்களின் டிஸ்க் ஓர் அலுமாரி நிறைய இருக்கிறது. சிலவற்றை மின்குமிழுக்கு நேரே பிடித்தால் ஊசி குத்தினாற்போல வெளிச்சம் தெரிகிறது. ஒன்றில் ஓரத்திலிருந்து பழுப்பு நிறம் உள்ளே ஏறிக்கொண்டிருக்கிறது.

என் கருத்து இதுதான்: இந்த ஊரில் டிஸ்க் சேர்ப்பது வீண். யன்னலைத் திறந்தால் உப்புக்காற்று. மழைக்காலத்தில் ஈரப்பதன் 80 சதவீதத்தைத் தாண்டுகிறது. அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2003இல் வெளியிட்ட வழிகாட்டி 20 முதல் 50 சதவீத ஈரப்பதனில், 20 பாகைக்குக் குறைந்த வெப்பத்தில் வைக்கச் சொல்கிறது. அதற்கு நாள் முழுக்க ஏசி ஓட வேண்டும். 2022இல் 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாங்கள். ஓடும்போதே விற்றுவிடுவதுதான் புத்தி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

திருத்துநர்:
மறுக்கிறேன். பழைய கன்சோல் திருத்துவது என் தொழில். "டிஸ்க் அழுகிவிட்டது" என்று கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலானோரின் டிஸ்க்கில் ஒரு பிழையும் இருப்பதில்லை. லேசர்தான் களைத்துப் போயிருக்கும். பிஎஸ்2இல் சீடியைப் படிக்க ஒரு லேசர், டிவிடியைப் படிக்க இன்னொன்று. அடிப்பக்கம் நீலமான சீடி கேம் ஓடி, வெள்ளி நிற டிவிடி கேம் எதுவும் ஓடாவிட்டால் குற்றவாளி யார் என்று விளங்கும்தானே?

ஊசித்துளையைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். அலுமினியம் பூசும்போதே தொழிற்சாலையில் விழுந்த துளைகள் பல டிஸ்க்குகளில் உண்டு. அந்தச் சிறு இடைவெளியைப் பிழைதிருத்தும் முறை நிரப்பிவிடும். துளை வருடத்துக்கு வருடம் பெருகுகிறதா என்பதுதான் கேள்வி. இன்றே படம் எடுத்து வையுங்கள், அடுத்த வருடம் ஒப்பிடலாம்.

தொழிற்சாலையில் அச்சடித்த சீடி என்பது 1.2 மி.மீ. பாலிகார்பனேட் பிளாஸ்டிக். தகவல் அந்தப் பிளாஸ்டிக்கிலேயே குழிகளாக அழுத்தப்பட்டிருக்கிறது. அதன் மேல் மெல்லிய அலுமினியம், அதன் மேல் அரக்குப் பூச்சு, அதன் மேல்தான் படம். எல்லோரும் அடிப்பக்கக் கீறலுக்குப் பயப்படுகிறார்கள். அதைத் தேய்த்து எடுக்கலாம். மேல் பக்கம் கீறினால் அலுமினியமே போய்விடும், பிறகு ஒன்றும் செய்ய ஏலாது. முப்பது வயதான பிஎஸ்1 டிஸ்க்குகள் என் மேசைக்கு வந்து ஓடிவிட்டுத்தான் போகின்றன.

அலைவீடு:
ஓரத்தில் ஏறும் பழுப்பு எப்படி வந்தது? அதுவும் லேசர் களைப்பா? 2001இல் மத்திய அமெரிக்காவின் பெலீஸிலிருந்து வந்த ஒரு சீடியில் ஸ்பெயின் ஆய்வாளர்கள் பூஞ்சணம் கண்டுபிடித்தார்கள். பாலிகார்பனேட்டையும் அலுமினியத்தையும் அது தின்றிருந்தது. பெலீஸும் நம்மைப் போல வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்.

திருத்துநர்:
உண்மைதான், ஆனால் மிக அரிதான சம்பவம். இங்கே நான் பார்க்கும் பூஞ்சணம் அநேகமாக மேற்பரப்பில்தான் இருக்கிறது. விரல் அழுக்கிலும், உறையில் உள்ள கையேட்டுத் தாளிலும் பிடிக்கிறது. மிதமான சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, மென்மையான துணியால் நடுவிலிருந்து வெளிநோக்கி நேராகத் துடைத்தால் போய்விடும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. வட்டக் கீறல் தகவல் வரிசையோடு சேர்ந்தே ஓடுவதால் ஒரே இடத்தில் நிறையத் தகவல் போய்விடும்.

பழுப்பைப் பற்றி: அதை நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

மேகம்94:
அண்ணாமாரே, எதற்கு இவ்வளவு பாடு? இணையக் கணக்கில் வாங்கிய கேமுக்குத் துளையும் இல்லை, பூஞ்சணமும் இல்லை. கன்சோல் உடைந்தாலும் புதியதில் இறக்கிக்கொள்ளலாம். 2024இல் வந்த பிஎஸ்5 ப்ரோவில் டிஸ்க் டிரைவே இல்லை, தனியாகத்தான் வாங்க வேண்டும். உலகம் போகும் பக்கம் அது.

சுவடிக்காரி:
தம்பி, நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கான இணையக் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. அதே நிறுவனத்தின் வீ யூ, 3டிஎஸ் கடைகள் 2023 மார்ச்சில். எக்ஸ்பாக்ஸ் 360இன் கடை 2024 ஜூலையில். அவற்றில் மட்டுமே வெளிவந்த கேம்களை இன்று நேர்வழியில் புதிதாக வாங்க வழியில்லை. 2023இல் அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை செய்த ஆய்வுப்படி, 2010க்கு முன் அங்கே வெளியான கேம்களில் 87 சதவீதம் விற்பனையிலேயே இல்லை. கணக்கில் இருப்பது நம் கையில் இருப்பதாகாது.

நான் நூலகத்தில் வேலை செய்கிறவள், டிஸ்க்குகளும் என் பொறுப்பில் இருக்கின்றன. திருத்துநர் அண்ணா, உங்களோடும் எனக்கு ஒரு பெரிய முரண்பாடு உண்டு. "ஓடுகிறது, ஆகவே நல்லது" என்கிறீர்கள். டிஸ்க் விடயத்தில் அது ஆபத்தான பேச்சு. நீங்களே சொன்ன அந்தப் பிழைதிருத்தும் முறைதான் சேதத்தை மறைத்தும் வைக்கிறது. பிழைகள் கூடிக்கொண்டே போகும், கேம் வழக்கம்போல ஓடும். திருத்த முடியாத எல்லையைத் தாண்டிய அன்று பார்த்தால் ஒரு பகுதி முழுவதுமே போயிருக்கும். கேம் திறப்பதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். டிஸ்க் முழுவதையும் முதலிலிருந்து கடைசி வரை படித்துப் பார்த்தால்தான் தெரியும்.

அச்சடித்தது என்பதற்காகவும் நம்ப முடியாது. இங்கிலாந்தின் பிளாக்பேர்ன் நகரில் பிடிஓ தொழிற்சாலை 1988 முதல் 1993 வரை செய்த இசைச் சீடிகள் பல பழுப்பாகிப் போயின. பூச்சு சரியில்லை. உறைத் தாளில் இருந்த கந்தகம் உள்ளே புகுந்து உலோகப் படலத்தைக் கறுக்க வைத்தது. பழுப்பு ஓரத்திலிருந்துதான் தொடங்கியது. அலைவீடு காட்டும் டிஸ்க் அதே வகை என்று சொல்லவில்லை. ஓரப் பழுப்பைச் சாதாரணமாக எடுக்கக் கூடாது என்கிறேன்.

திருத்துநர்:
அது ஒரு தொழிற்சாலையின் கோளாறு. அதை வைத்து எல்லா டிஸ்க்கையும் எடை போடலாமா? டிவிடியில் நிலைமை இன்னும் நல்லது. இரண்டு 0.6 மி.மீ. தகடுகளின் நடுவே தகவல் இருக்கிறது, இரு பக்கமும் பிளாஸ்டிக் காவல்.

சுவடிக்காரி:
அந்த இரண்டையும் பசைதான் பிடித்து வைத்திருக்கிறது அண்ணா. பசை விட்டால் ஓரத்தால் ஈரம் போகும். பெட்டியிலிருந்து எடுக்கும்போது டிஸ்க்கை வளைத்து இழுப்பவர்கள் அந்தப் பசையைத்தான் வருத்துகிறார்கள்.

ஆனால் இந்த உரையாடலில் யாரும் தொடாத விடயம் ஒன்று இருக்கிறது. 2000களில் கொழும்பில் நம்மில் எத்தனை பேர் அச்சடித்த டிஸ்க் வாங்கினோம்? பம்பலப்பிட்டியிலும் புறக்கோட்டையிலும் கடைக்காரர்கள் எழுதித் தந்த சீடி-ஆர், டிவிடி-ஆர்தானே அதிகம். அதில் தகவல் குழியாக இல்லை, சாயத்தில் இருக்கிறது. வெயிலும் வெப்பமும் அந்தச் சாயத்தை மாற்றிவிடும். மேற்கே கடலைப் பார்த்த யன்னலோரம் வைத்தால் பின்னேர வெயில் முழுக்க அதன் மேல்தான். இன்னொன்று, மேலே ஒட்டிய தாள் லேபல். ஈரத்தில் தாள் சுருங்கி விரிந்து, உரியும்போது சீடி-ஆரின் படலத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். நம் ஊரில் முதலில் சாவது இந்த டிஸ்க்குகள்தான். பிஎஸ்1 அசல் டிஸ்க்குகளைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டு இவற்றை விட்டுவிடுகிறோம்.

மேகம்94:
அக்கா, கள்ளப் பிரதி அழிந்தால் என்ன இழப்பு? அசல் எங்கேயோ இருக்கும்தானே.

சுவடிக்காரி:
கேம் இருக்கும். இங்கே அது எப்படிப் புழங்கியது என்பதற்கான சாட்சி இருக்காது. பத்துப் பன்னிரண்டு கணினி கேம்களை ஒரே டிஸ்க்கில் தொகுத்து, மேலே கையால் பெயர் எழுதி விற்றார்களே, அதை வேறெந்த நாட்டு ஆவணக் காப்பகமும் சேர்த்து வைக்கப் போவதில்லை. நம்மில் பலர் விளையாடத் தொடங்கியது அதில்தான். மெமரி கார்டில் கிடக்கும் சேமிப்புகளும் அப்படியே.

திருத்துநர்:
இதை ஒத்துக்கொள்கிறேன். எழுதிய டிஸ்க் என் மேசையிலும் அடிக்கடி தோற்கிறது. ஆனால் அச்சடித்ததைப் பொறுத்தவரை என் நிலை மாறவில்லை. பெட்டிக்குள் நிமிர்த்தி, இருட்டான அலுமாரியில், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஏசி தேவையில்லை. ஜெல்லை மட்டும் அவ்வப்போது உலர்த்தி மாற்ற வேண்டும்.

சுவடிக்காரி:
நல்ல யோசனை, ஆனால் அது தள்ளிப்போடத்தான் உதவும். இப்போதே பிரதி எடுக்க வேண்டும். பிஎஸ்1, பிஎஸ்2 டிஸ்க்குகளைச் சாதாரண கணினி டிரைவே படிக்கும். எடுத்த கோப்பின் சரிபார்ப்பு எண்ணை, அசல் டிஸ்க்குகளின் எண்களைத் தொகுத்து வைக்கும் ரீடம்ப் இணையத்தளத்துப் பட்டியலோடு ஒப்பிட்டால் ஒரு பிட்கூடப் பிசகவில்லை என்று உறுதியாகும். எழுதிய டிஸ்க்குக்கு அந்தப் பட்டியல் உதவாது, ஆகவே இரண்டு வேறு டிரைவில் எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ட்ரீம்காஸ்ட் டிஸ்க்கின் அடர்ந்த பகுதியைச் சாதாரண டிரைவ் படிக்காது. ட்ரீம்காஸ்டையே கொண்டு எடுப்பதுதான் வழக்கமான வழி, அதன் லேசரும் இளமையாகப் போவதில்லை.

அலைவீடு:
சரி. எழுதிய டிஸ்க்குகளிலிருந்து தொடங்குகிறேன். அசல்களைப் பிரதி எடுத்த பிறகு விற்பேன், அதில் மாற்றமில்லை. கடல் பக்கத்து வீட்டில் அவை இருக்க வேண்டியதில்லை.

சுவடிக்காரி:
விற்றால் அந்தப் பிரதியை வைத்திருக்க உங்களுக்கு என்ன உரிமை? அசல் கையில் இருக்கும் வரைதான் அந்தப் பிரதி நியாயம் என்று நினைக்கிறேன்.

திருத்துநர்:
அதில் நான் அக்காவின் பக்கம். பழுப்பு ஏறியதை மட்டும் விற்காதீர்கள். முதலில் என்னிடம் அனுப்புங்கள், நல்ல லேசரில் முழுவதும் படித்துப் பார்த்து, எந்த இடத்தில் நிற்கிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.